பொதட்டூர்பேட்டையில் திருடிய காளான் வித்து

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை, மகனே. நீ நலமாகத்தான் இருக்கிறாய். என் வயிற்றெரிச்சலே அதுதான். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் உன் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. உன் அம்மா இருபத்தொன்பது வருஷம் உருட்டி உருட்டி ஊட்டியும் ஒட்டாத சதை, பொதட்டூர்பேட்டையில் உன் மாமனார் வீட்டுக்கு நாலைந்து முறை போய்வந்ததில் ஒட்டிக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, தை பிறந்ததும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நீயும் கீர்த்தனாவும் அங்கேயே போய்த் தங்கி, உன் மாமனாரோடு சேர்ந்து காளான் வளர்க்கப் போவதாகச் சொன்னாய். நான் "ஆங், சரி" என்று சொல்லிவிட்டு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "நைனாவுக்குக் கோவமாம்மா?" என்று நீ கேட்டதும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, மாடு கத்துது, போய்ப் பாக்குறாரு" என்று அவள் சொன்னதும் என் காதில் விழுந்தன. நம் வீட்டில் மாடு இல்லை. அவளுக்கு ஒழுங்காகப் பொய் சொல்லவும் தெரியாது. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

கோபம் இல்லை. கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ் ஓட்டியவன், கோபத்தையெல்லாம் ஹாரனிலேயே தீர்த்துக்கொண்டவன். இது வேறு. இதற்குப் பெயர் பொறாமை. உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், பார். மாமியார் மருமகள் சண்டை என்றால் அதற்குப் பழமொழி உண்டு, பஞ்சாயத்து உண்டு, பக்கத்து வீட்டில் போய் அழுதால் காபி கிடைக்கும். சம்பந்தியைப் பார்த்துச் சம்பந்தி வயிறெரிந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மனிதரிடம் ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. முன்கட்டில் நான்கு தறி கடகடவென்று லுங்கி நெய்துகொண்டிருக்கிற சத்தத்தில் அவர் மெதுவாகத்தான் பேசுகிறார். அதையும் எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்கிறார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போதாததற்கு அவருக்குத் தலைமயிர் வேறு இன்னும் கொட்டவில்லை.

எது எப்போது ஆரம்பித்தது என்று நாள் நட்சத்திரத்தோடு சொல்கிறேன். புரட்டாசி முதல் ஞாயிறு. பெருமாள் மாசம், எந்த வீட்டிலும் கவுச்சி கிடையாது. நம்மைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இலையில் காளான் குழம்பு விழுந்தது. நீ முதல் வாய் வைத்துவிட்டு, "கறி தோத்துச்சுபோ" என்றாய். இரண்டாவது தரம் கேட்டு வாங்கினாய், மூன்றாவது தரம் கேட்காமலே ஊற்றினார்கள். உன் அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்குக்கூட நீ அப்படி ஓர் ஏப்பம் விட்டதில்லை. அவளுக்கு ரோஷம் வரும் என்று பக்கத்தில் பார்த்தால், அவள் சம்பந்தியம்மாவிடம், "சோம்பு வறுத்துப் போட்டீங்களா, பச்சையாவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளும் கட்சி மாறிவிட்டாள். நான் மோரை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு எழுந்தேன். நன்றாகத்தான் இருந்தது அந்தக் குழம்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டதும் உன் மாமனார் பின்கட்டு அறையைக் காட்டினார். ஜன்னலில் ஈரச் சாக்கு, தரையில் ஈர மணல், அரை இருட்டு. உத்தரத்திலிருந்து கயிற்றில் வைக்கோல் அடைத்த பிளாஸ்டிக் பைகள் தொங்கின. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. அவற்றின் விலாவிலிருந்து விசிறி விசிறியாகச் சிப்பிக்காளான் பூத்திருந்தது. நீ உள்ளே போய் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டாய். எனக்கு முழங்கால் மடங்காது, வாசற்படியிலேயே நின்றேன். அப்போது நீ, "நைனா, தோ பாரு, இந்தப் பையில மொட்டு வுட்டுகினு இருக்குது" என்றாய். நான் "ஆங்" என்று சொல்லி ஒரு காலை உள்ளே வைத்தேன். நீ திரும்பவில்லை. உன் பக்கத்தில் குந்தியிருந்தவர், "ஆங், பாத்தேன்பா. நாளைக்கு வெடிச்சிரும்" என்றார். நீ கூப்பிட்டது அவரை. கீர்த்தனா தன் அப்பாவை நைனா என்கிறாள், அவள் வாயிலிருந்து அது உன் வாய்க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் புரிகிறது. புரிந்தால் எரியாது என்று யார் சொன்னது? உள்ளே வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நீ கையைத் துடைத்துக்கொண்டே, "பேசாம இங்கயே வந்துடலாம்போல இருக்குது" என்று சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. "ரூம்பு காலியாத்தான் இருக்குது மாப்ளே" என்றார். உனக்கு விளையாட்டு. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, என் பிள்ளை காளான் வழியாக இந்த வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறான் என்று. எல்லோரும் வெற்றிலை போட முன்கட்டுக்குப் போனீர்கள். அறையில் ஒரு ஸ்டூல். அதன்மேல் இரண்டு பொட்டலம், வாயில் பஞ்சு அடைத்து. உள்ளே சோளம், சோளத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்து. அதுதான் காளான் வித்து என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் அவர் சொல்லியிருந்தார். ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்றி, உன் அம்மாவின் பைக்குள் வாழைப்பழத்துக்கு அடியில் வைத்தேன். வழியில் அனாதையாகக் கிடந்த தேங்காய் மூட்டையைக்கூட டிப்போவில் ஒப்படைத்தவன் நான். அறுபத்திரண்டு வயதில், சம்பந்தி வீட்டில், சோறு தின்ற கை காயுமுன் திருடினேன்.

உங்களை அங்கே விட்டுவிட்டு நாங்கள் திரும்பி வருகிற பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் நமக்குத் தெரிந்த பையன். "இன்னாண்ணா, அவ்ளோ பத்திரமா புட்ச்சிகினு வர்ற?" என்றான். வாயில் வந்ததைச் சொன்னேன், "பிரசாதம்பா." திருத்தணிக்காரன் பொதட்டூர்பேட்டையிலிருந்து பிரசாதம் கொண்டுவருகிறானாம்! கொல்லத் தெருவுக்கு ஊசி கொண்டுபோன கதை. அந்தப் பையன் "முருகா" என்று பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும், "கேட்டு வாங்கினீங்களா?" என்றாள். நான் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன். "அந்தாளு வூட்ல காளான் இருக்குதுன்னுதானே புள்ள அங்க ஓடுறான்? இங்கயும் வரும் காளான். வந்தா, இங்கயே வாடான்னு கூப்டுவேன்" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வைக்கோலுக்கு எங்க போவீங்க?" என்றாள். உன்மேல் அவளுக்கு இருக்கிற ஆசைக்கு, திருட்டுக்கும் துணை நின்றாள்.

பக்கத்துக் கண்டிகை கிராமத்திலிருந்து ஆட்டோவில் வைக்கோல் கொண்டுவந்தேன். அக்கம்பக்கத்தில் மாடு வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். அந்த மாடுதான் போன ஞாயிற்றுக்கிழமை கத்தியது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து, உன் கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்து, கட்டிலில் பரப்பி, பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது என்கிற பக்குவத்துக்கு உலர்த்தினோம். இரண்டு பை. ஒவ்வொன்றிலும் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தில் கொஞ்சம் வித்து, மறுபடியும் வைக்கோல். எல்லாம் வீடியோவில் சொன்னபடிதான். ஆனால் உன் அம்மா, "மொத மொதல்ல வூட்டுக்குள்ள வருது, மங்களகரமா இருக்கட்டும்" என்று ஒரு சொம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து, பையில் போடுமுன் மாவிலையால் வைக்கோல்மேல் தெளித்தாள். எனக்கு அது போதவில்லை. சொம்போடு வாங்கி ஊற்றிப் பிசைந்தேன். என் பொறாமைக்குத் தகுந்த அளவு மஞ்சள். பைக்கு ஒரு குங்குமப் பொட்டு. சாயங்காலம் தவறாமல் சாம்பிராணி. பிள்ளை பெற்ற அறை மாதிரி வைத்திருந்தோம். எந்த அறை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினைந்து நாளில் பை முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளை பரவும் என்று வீடியோவில் சொன்னான். பதினைந்து போயிற்று, பதினெட்டு போயிற்று. வெள்ளை வரவில்லை. மூலையில் பச்சையும் கறுப்பும் திட்டுத் திட்டாக வந்தன, நாற்றம் வந்தது. "கெட்டுப்போன வித்த ஸ்டூலு மேல வச்சிருக்கான் பாரு அந்தாளு" என்று கத்தினேன். உன் அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிரவே இல்லை. "திருடறவனுக்குன்னு நல்லதாப் பொறுக்கி எட்த்து வைப்பாங்களா?" என்றாள். பிறகு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முருகனுக்கே கோவம் தணிஞ்ச ஊரு இது, உங்களுக்குத்தான் தணிய மாட்டேங்குது" என்றாள். நான் இரண்டு பையையும் கொண்டுபோய்ப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கொட்டினேன்.

கொட்டும்போது அந்த நாற்றத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நீ ஏழாம் வகுப்பு. உன் அறை ஜன்னல் கட்டையில் ஒரு ரொட்டித் துண்டை நனைத்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தாய். பச்சையும் கறுப்பும் பூத்து நாறியது. மத்தியானம் டூட்டி முடிந்து வந்த நான் அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, "திங்கிற பொருள அழுக வுட்டு வேடிக்க பாக்குறியா?" என்று உன்னை அறைந்தேன். நீ அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நைனா, அது சயின்ஸு" என்றாய். பக்கத்தில் ஒரு நோட்டு, முதல் நாள் இப்படி, இரண்டாம் நாள் இப்படி என்று படம் போட்டு எழுதி வைத்திருந்தாய். மறுநாள் பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் பெஞ்சுமேல் நின்றாய் என்று உன் அம்மா ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டேன். தப்பு என்னுடையது, மகனே. பதினேழு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். பூஞ்சையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற புத்தி உனக்கு அப்போதே இருந்தது. நான் சாக்கடையில் போட்டதை அந்த மனிதர் மொட்டு என்று பேர் சொல்லி உன் கையில் கொடுத்திருக்கிறார். என் பொறாமை வெறும் குழம்பின்மேல் இல்லை என்பது உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் உங்கள் தலை தீபாவளிக்கு முறைப்படி அழைக்க உன் மாமனாரும் சம்பந்தியம்மாவும் தட்டோடு வந்தார்கள். அவர் நேராகக் காலலம்பப் பின்பக்கம் போனார். முருங்கை மரத்தடியில் மஞ்சள் மஞ்சளாக என் வைக்கோல் கிடக்கிறது. அவர் அலம்பிவிட்டு வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்தார். நான் காபியை நீட்டினேன். டம்ளரை வாங்கும்போது அவர் கண் என் நகத்தில் நின்றது. என்னதான் தேய்த்தாலும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நகமே குறுகுறுத்தது. அவர் காபியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாத மாதிரி சொன்னார்.

"எங்க வூட்ல மொத தபா காளான் போட்டப்ப ஒரு கூத்து சம்பந்தி. எம் பொஞ்சாதி மங்களகரமா இருக்கட்டும்னு வைக்கோல் மேல மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டா. ஒண்ணுகூட வரல. காளானும் ஒரு பூஞ்சைதானே, மஞ்சளுக்கும் அதுக்கும் ஆவாது. புண்ணு சீழ் புடிக்காம இருக்கத்தானே மஞ்சள் வைக்கிறோம்? அத்த புரிஞ்சிக்கறதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

சம்பந்தியம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அப்படி ஒன்று அவள் வாழ்நாளில் செய்யவே இல்லை என்பது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. உள்ளே நின்றிருந்த உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான், "ஆங், அப்டீங்களா" என்றேன்.

அவர்கள் போன பிறகு தாம்பூலப் பையை உன் அம்மா பிரித்தாள். வெற்றிலை, பாக்கு, சாத்துக்குடி, அதற்கு அடியில், வாழைப்பழத்துக்கும் கீழே, பஞ்சு அடைத்த ஒரு பொட்டலம். நான் ஒளித்து எடுத்துவந்த அதே இடம். எனக்கு நன்றியா வந்தது என்று கேட்கிறாயா? இல்லவே இல்லை. முன்னைவிட அதிகமாக எரிந்தது. "என்னய்யா, திருடினியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருந்தால், சண்டை போட்டுப் பிழைத்திருப்பேன். பொண்டாட்டிமேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றுகிற ஆளை என்ன செய்வது? "அந்தாளு நல்லவனாவும் இருந்து தொலைக்கிறான்டி" என்றேன். "ஆமா, பெரிய குத்தம்தான்" என்றாள் உன் அம்மா.

இரண்டாவது முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அண்டாவைத் தேய்த்து, சாம்பிராணியை நிறுத்தி, உன் அம்மாவை வாசற்படியோடு நிறுத்தினேன். "மஞ்சள் பூசின முகத்தோட உள்ள வராத" என்றதற்கு, "தாலிக்கயித்துல இருக்கிற மஞ்சள இன்னா பண்றது, கழட்டி ஆணியில மாட்டவா?" என்று கேட்டாள். பத்தாம் நாள் வைக்கோலில் வெள்ளை இறங்க ஆரம்பித்தது. தீபாவளி அன்று காலை, நீ அங்கே உன் மாமனாரோடு நிற்கிற போட்டோ போனில் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கட்டம் போட்ட லுங்கி, அவர் தறியில் நெய்தது. தலை தீபாவளி பெண் வீட்டில்தான், நானும் என் மாமனார் வீட்டில்தான் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், முறை தெரியாதவன் இல்லை. ஆனாலும் ஒரே கட்டம் எதற்கு என்று மனசு கேட்டது. போனை வைத்துவிட்டுப் பைகளைப் போய்ப் பார்த்தேன். இரண்டும் முழு வெள்ளை. உன்னைக் கூப்பிட்டுச் சொல்லக் கை போயிற்று, அடக்கிக்கொண்டேன். பூத்த பிறகு காட்ட வேண்டும் என்று வீம்பு.

பையைக் கிழித்து மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். மழையும் பிடித்துக்கொண்டது. சஷ்டி விரதம் நாலாம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், பையின் இரண்டு பக்கமும் குலை குலையாகக் காளான். நான் நின்ற இடத்திலேயே, "அடி, இங்க வாடி" என்று கத்தினேன். உன் அம்மா வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பறித்து அவள் கையில் கொடுத்தால், "ஆறு நாளு விரதம். பெருமாள் மாசத்துல தின்னது வேற, முருகன் விரதத்துல இதுவும் கவுச்சிக்குச் சேத்தி. என் அடுப்புப் பக்கம் கொண்டாராதீங்க" என்றுவிட்டாள். கெஞ்சினேன், மசியவில்லை. நீ வேலையில் இருந்தாய், ஞாயிறு வரைக்கும் வரமாட்டாய். காளான் யாருக்காகவும் காத்திருக்காது. ஓரம் சுருண்டால் போச்சு. இந்த உலகத்தில் அதன் அருமை தெரிந்து பார்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து இன்னும் ஒருத்தர்தான் இருந்தார். தூக்குச்சட்டியில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன்.

உன் மாமனார் மூடியைத் திறந்தார். உடனே பாராட்டவில்லை. ஒன்றை எடுத்து ஓரத்தை மடக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "நேத்தே பறிச்சிருக்கணும் சம்பந்தி" என்றார். பிறகு, "ஆனா நல்லா வந்திருக்குது. என்னோடத விட தடிமனா இருக்குது" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் நான் வந்திருக்கிறேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன். "சம்பந்தி, புரட்டாசியில உங்க ஸ்டூலு மேல இருந்து…"

"எந்த ஸ்டூலு?"

"உள்ள ரூம்ல இருக்குதே…"

"அதுல பக்கெட்டுதான் இருக்கும். குந்துங்க, தோசை வந்துகினு இருக்குது."

என்னை ஒப்புக்கொள்ளக்கூட விடவில்லை அந்த மனிதர். அதனால்தான் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது தோசையில் அவர் சட்னியைத் தள்ளிக்கொண்டே, தறிச் சத்தத்தில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும், "ஒண்ணு சொல்லட்டுங்களா? மாப்ள வந்தார்னா மொத அரைமணி நேரம் உங்க பேச்சுதான். எங்க நைனா ஸ்டீரிங்க புட்ச்சா, முன்னால தண்ணி கிளாஸு வச்சாலும் நகரி தாண்டி புத்தூர் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாதுன்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. எம் பொண்ணு என்னப் பத்தி அப்படி ஒரு வார்த்த யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். அவர் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. அன்றைக்கு நான் இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் நீ சொன்னது பொய், மகனே. அந்த ரோட்டில் எவன் ஓட்டினாலும் தண்ணீர் சிந்தும். நீ என் பஸ்ஸில் முன் சீட்டில் வந்தது ஒரே ஒரு முறை. உனக்கு ஆறு வயது. எனக்குக் குடிக்க வைத்திருந்த கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் புத்தூர் வரைக்கும் வந்தாய். அது சிந்தாததற்குக் காரணம் நீ. அதை நீ என் பேரில் எழுதி வைத்திருக்கிறாய் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்பன் என்ற உரிமையில் சொல்கிறேன். அவரிடம் வித்தையைவிட, வித்தை தெரியாதவனிடம் நடந்துகொள்கிற விதத்தைக் கற்றுக்கொள். நகத்தைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடித்து, அந்தத் தப்பைத் தன் வீட்டுத் தப்பாகச் சொல்கிற மனிதர் எல்லோருக்கும் வாய்க்க மாட்டார். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதையாவது அழுகவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், கையை ஓங்குமுன் என்ன என்று கேள். கீர்த்தனா செய்கிற குழம்பை நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். உன் அம்மாவுக்கு நான் சொன்னதே இல்லை, அதனால்தான் நீயும் சொல்லாமல் வளர்ந்தாய். வீட்டோட மாப்பிள்ளை என்று ஊரில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு ஹாரன் அடிக்கத் தெரியும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த அறை. அது உன் அறைதான். கட்டிலை எடுத்துவிட்டு மேலே கொக்கியில் இரண்டு பையையும் தொங்கவிட்டிருக்கிறேன். நீ ரொட்டித் துண்டு வைத்த அதே ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்குகிறது. சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறைதான் இதைவிடக் குளிர்ச்சி, உன் அம்மா அதைத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. காளானுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். நீ அந்த அறையில் இருந்த காலத்தில் நான் விடியுமுன் டூட்டிக்குப் போனவன், வாரத்துக்கு மூன்று முறை அந்தக் கதவைத் திறந்திருப்பேனா என்பதே சந்தேகம். இப்போது ஒரு வேலையும் இல்லாமல் போய் அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலோடு போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். காளானைக் காட்டி உன்னை இங்கே இழுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் இரண்டு பையை வைத்துக்கொண்டு நான் உனக்கு என்ன கற்றுத்தர முடியும்? தொழில் தெரிந்தவர் அவர். உனக்கு அங்கேதான் நல்லது.

தை பிறந்ததும் போ. மனசாரச் சொல்கிறேன், எரிச்சலோடும் சொல்கிறேன், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய. அவர் கையால் தொழில் கற்றுக்கொள், அவர் வீட்டுக் குழம்பைச் சாப்பிடு, அவர் நெய்த லுங்கியைக் கட்டு. ஆனால் அவரை மாமா என்று கூப்பிடு. நைனா என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்தணியிலேயே விட்டுவிட்டுப் போ. எப்போதாவது வந்து வாசலில் நின்று அதைக் கூப்பிட்டுப் பார். எந்த அறையில் இருந்தாலும் "ஆங்" என்று சொல்ல இங்கே ஒருத்தன் இருக்கிறான்.